யாருக்கு மலிவு?

1972-இல் டோனி வீலரும் மொரீன் வீலரும் லண்டனிலிருந்து கிளம்பி, ஆசியாவைத் தரைவழியே கடந்து ஆஸ்திரேலியா போனார்கள். சிட்னி சேர்ந்தபோது கையில் மிச்சம் 27 சென்ட். அடுத்த வருடம் வந்த ‘அக்ராஸ் ஏசியா ஆன் த சீப்’தான் லோன்லி பிளானட்டின் முதல் புத்தகம். பேக்பேக்கர்களின் வேதம்னே சொல்லலாம்.

ஆனா தலைப்பில் இருக்கிற அந்த ‘மலிவு’ யார் கணக்கு? காபூல் டீ பவுண்டில் சம்பாதித்தவருக்குச் சல்லிசு. டீ போட்டுக் கொடுத்தவர் அதே சாலையில் லண்டனுக்குப் போயிருக்க முடியுமா?

இன்றும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசாக் கட்டணமே 90 யூரோ. கூடவே வங்கி இருப்பையும் காட்டணும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. சிக்கனம் ஒரு திறமைதான், மறுக்கல. ஆனா 27 சென்ட்டோடு அவர்கள் வந்து சேர்ந்தால் அது சாகசம். நாம போய் நின்னா, திருப்பி அனுப்ப அதுவே காரணம்.