ஒரு ஃப்ரேமுக்குள் எத்தனை விநாடி?

டைம்லாப்ஸ் என்றால் மொட்டு விரிவதும் மேகம் ஓடுவதும் என்று நமக்குப் பழகிப்போய்விட்டது. கைபேசியிலேயே எடுத்துவிடலாம். அதனால்தானோ என்னவோ, சூப்பர் 8, 16 மி.மீ. போன்ற சின்ன ஃபிலிம் கேமராக்களில், ஷட்டரை விநாடிக்கணக்கில் திறந்துவைத்து எடுத்த படங்களைப் பார்த்தால் 'ஏன் இப்படித் துடிக்கிறது, ஏன் இவ்வளவு கரகரப்பு' என்று நகர்ந்துவிடுகிறோம். ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்: இந்த ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவே ஷட்டர் எவ்வளவு நேரம் மூடியிருந்தது?

பத்து விநாடிக்கு ஒரு ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் பதிவாகிறது என்றால், மீதி 9.98 விநாடி கேமரா எதையும் பார்க்கவில்லை. அப்படி எடுத்த தெருவில் ஆட்கள் நடக்க மாட்டார்கள். இங்கே மறைந்து அங்கே முளைப்பார்கள். அதே பத்து விநாடியில் ஒன்பது விநாடி ஷட்டர் திறந்திருந்தால் கதையே வேறு. நடந்து போகிறவர் அநேகமாகக் காணாமல் போவார். நின்று பேசிக்கொண்டிருப்பவர் ஆவிபோலத் தெரிவார். இரவில் ஆற்றில் மெல்லப் போகும் படகின் விளக்கு ஒரு கோடாகும். ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தால், ஒரு கோடு முடிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி அடுத்த கோடு தொடங்குவது தெரியும். அந்தச் சின்ன இடைவெளிதான் ஷட்டர் மூடியிருந்த ஒரு விநாடி. தண்ணீரும் நல்ல சாட்சி: குறைந்த நேரம் திறந்தால் மினுமினுக்கும், அதிக நேரம் திறந்தால் பனிமூட்டமாகப் படுத்துவிடும்.

1982இல் வந்த 'கொயானிஸ்காட்சி'யில் ரான் ஃப்ரிக் எடுத்த இரவுச் சாலைகள் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தப் படம் பெரும்பாலும் 35 மி.மீ.; அதன் வழவழப்பு சின்ன ஃபிலிமில் கிடைக்காது. கார் விளக்குகள் சிவப்பு வெள்ளைக் கோடுகளாக ஓடும் காட்சி அதன்பிறகு விளம்பரங்களில் அரைத்த மாவாகிவிட்டது என்பதால், கிடைக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. சூப்பர் 8இன் ஒரு ஃப்ரேம் சுமார் 5.8 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம், ஓர் அரிசிமணியின் நீளம்தான். அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கும்போது ஃபிலிமின் கிரெய்ன், அதாவது படத்தைக் கரகரப்பாக்கும் துகள்மணிகள், கொதிக்கத் தொடங்கும். இந்தக் கொதிப்பைக் குறையாக நினைக்காமல் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். திரையில் மற்ற எல்லாமே பல நூறு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. கிரெய்ன் மட்டும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறி, விநாடிக்குப் பதினெட்டோ இருபத்து நாலோ தடவை என்று, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் நேரத்தில் ஓடுகிறது.

அடுத்தது வெளிச்சத் துடிப்பு. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, பிரித்தறியக் கற்றுக்கொண்டால் பார்ப்பதில் சுவை கூடும். படம் பிரகாசமாகும்போது தரையில் நிழல்களும் கூர்மையானால், சூரியன் மேகத்திலிருந்து வெளியே வந்திருக்கிறது. நிழல் அப்படியே இருக்க, வானமும் மண்ணும் ஒரே அளவில் வெளுத்தால் அது கேமராவின் வேலை, அல்லது கையின் வேலை. சுவிட்சர்லாந்தின் போலெக்ஸ் எச்16 கேமராவில் ஒற்றை ஃப்ரேமுக்கு ஷட்டரை, பிடியை விட்டால் மூடிக்கொள்ளும்படி, நினைத்த நேரம்வரை திறந்துவைக்கும் வசதி உண்டு. கேபிள் ரிலீஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயால் விநாடி எண்ணுகிறவருக்கு எல்லா விநாடியும் ஒரே நீளமாக இருப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வு திரையில் மூச்சு வாங்குவதாகத் தெரியும். இடையிடையே படம் மயிரிழை நகர்ந்தால், ஸ்பிரிங்கைத் திரும்ப முறுக்கியபோது டிரைபாட் அசைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

நிறத்தையும் கவனியுங்கள். வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடும் என்பது பகலில் செல்லுபடியாகும் விதி. இருட்டில் அது தோற்கும். ஃபிலிமின் வெள்ளி உப்புப் படிகத்தில் ஒளித்துகள்கள் சட்டுச் சட்டென்று அடுத்தடுத்து விழ வேண்டும். ஆறஅமர வந்தால் முதலில் விழுந்ததன் தடம், இரண்டாவது வருவதற்குள் அழிந்துவிடும். 1900ஆம் ஆண்டு வாக்கில் இதை அளந்து எழுதியவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்ட். ஆமாம், பிற்காலத்தில் கருந்துளைக் கணக்கோடு பெயர் சேர்ந்த அதே ஜெர்மானியர்தான். வண்ண ஃபிலிமின் மூன்று அடுக்குகளும் ஒரே அளவில் சோர்வதில்லை. அதனால் இரவுக் காட்சியில் நிழல்கள் கிணறாக ஆழ்ந்துபோகும், விளக்குகள் மட்டும் தாக்குப்பிடிக்கும், நிறம் ஒருபக்கமாகச் சாயும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ப்ரான் நிறுவனத்தின் நிஸோ சூப்பர் 8 கேமராக்கள் அந்தியில் செய்யும் வேலை. சில நிஸோ மாடல்களில் தானியங்கி நீண்ட எக்ஸ்போஷர் உண்டு. போதுமான வெளிச்சம் சேரும்வரை ஷட்டரைத் திறந்துவைத்து, சேர்ந்ததும் அடுத்த ஃப்ரேமுக்கு நகரும். ஒரு ஃப்ரேமுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்வரை போகும். இதன் விளைவைப் பாருங்கள். மாலையில் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு விநாடி பிடித்தால், பதினெட்டு ஃப்ரேம் வேகத்தில் ஓட்டும்போது உலகம் 18 மடங்கு வேகத்தில் நகரும். இருட்டியபின் ஒரு ஃப்ரேமுக்கு முப்பது விநாடி பிடித்தால் 540 மடங்கு. யாரும் எதையும் திருகாமலே, வெளிச்சம் குறையக் குறைய நேரம் வேகமெடுக்கிறது. கடைசியாகத் தெரு சோடியம் விளக்கின் நிறத்தில் பாய்ந்தோடும். ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி, சுமார் 3,600 ஃப்ரேம். பத்து விநாடிக்கு ஒன்று என்று எடுத்தால் பத்து மணி நேரம் சுருங்கி மூன்று நிமிடம் இருபது விநாடியாகும். லேபிலிருந்து ஃபிலிம் கழுவி வரும்வரை எடுத்தவருக்கே என்ன விழுந்தது என்று தெரியாது.

பார்க்க ஒரு படம் சொல்லுங்கள் என்றால், வில்லியம் ராபனும் கிறிஸ் வெல்ஸ்பியும் 1971-72இல் இங்கிலாந்தின் வைட் தீவில் 16 மி.மீ.யில் எடுத்த 'ரிவர் யார்' படத்தைச் சொல்வேன். கடல் ஏறி இறங்கும் ஒரு கழிமுகம், அசையாத கேமரா, நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம், இரவும் பகலும், இலையுதிர் காலத்தில் மூன்று வாரம், வசந்தத்தில் மூன்று வாரம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் இரு திரைகளில் ஓட்டுவார்கள். நாளொன்றுக்கு 1,440 நிமிடம், விநாடிக்கு 24 ஃப்ரேம். ஆக ஒரு முழு நாள் சரியாக ஒரு நிமிடம். தொடக்கத்தில் வசந்தத் திரையில் ஒரு சூரிய உதயம் பதினான்கு நிமிடம் இயல்பான வேகத்தில் நடக்கும். அதற்குள் பக்கத்துத் திரையில் பதினான்கு நாள் போய்விடும். பொறுமை சோதிக்கப்படும்தான். அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை தருகிறேன்: தண்ணீரை எண்ணுங்கள். ஓதம் ஒருமுறை ஏறி வற்ற 12 மணி 25 நிமிடம். திரையில் சுமார் 31 விநாடி. இரண்டு ஓதம் சேர்ந்தால் 62 விநாடி, நாளோ 60 விநாடி. ஆகவே ஒவ்வொரு நாளும் தண்ணீர் சூரியனைவிட இரண்டு விநாடி பின்தங்கும். நிலாவின் கணக்கு அப்படி உங்கள் கண்முன்னே நழுவிக்கொண்டே போகும்.

வெல்ஸ்பி 1974இல் எடுத்த 'செவன் டேஸ்' இதற்கு நேர்மாறான சுபாவம் கொண்டது. வேல்ஸில் கார்னிங்க்லி மலைச்சரிவில், பத்து விநாடிக்கு ஒரு ஃப்ரேம், உதயம் முதல் அஸ்தமனம்வரை, தொடர்ந்து ஏழு நாள். வானியலாளர்கள் நட்சத்திரத்தைப் பின்தொடரப் பயன்படுத்தும் சுழல்தாங்கியில் கேமரா பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பியது. வெயில் அடித்தால் தன் நிழலைப் பார்க்கத் தரைப்பக்கம், மேகம் மறைத்தால் சூரியன் இருக்கும் திசைக்கு. எதைக் காட்டுவது என்பதை வானிலைதான் முடிவுசெய்கிறது. அதனால் வெட்டு விழும் ஒவ்வொரு தடவையும் மேலே என்ன நடந்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மேகங்கள் சிதறிய நாளில் படம் படபடக்கும்.

இத்தகைய படங்களை முதல்முறை முழுத் திரையையும் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜன்னல், ஒரு கல், தண்ணீரின் விளிம்பு எதுவானாலும் சரி. புரொஜெக்டரில் ஓட்டுகிற வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஸ்கேன் செய்த பிரதி என்றால், துடிப்பை அடக்கி, கிரெய்னைத் துடைத்து, நடுக்கத்தை நிறுத்தி 'மெருகேற்றியதை' ஒதுக்கிவிட்டு உள்ளது உள்ளபடி இருப்பதைத் தேடுங்கள். வீட்டு டிவியில் பார்ப்பதானால் அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கை முதலில் அணைத்துவிடுங்கள். அது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத படத்தைத் தானே வரைந்து நிரப்பும். ஷட்டர் மூடியிருந்த இடைவெளியும் அத்தோடு போய்விடும்.