மீனின் வயிற்றில் ஒரு தனிக்குரல்

ருமேனிய நாடகாசிரியரும் கட்டுரையாளருமாகி, பின்னர் 1993 முதல் 1995 வரை கலாசார அமைச்சராகவும் விளங்கிய மரின் சொரெஸ்கு (1936–1996), சௌசெஸ்குவின் ஆட்சியில் 1968இல் வெளியிட்ட நாடகம் 'யோனா'. இதில் பேசும் பாத்திரம் ஒன்றே: தன்னோடு தானே உரையாடும் மீனவன். மீனின் வயிற்றைக் கிழித்து வெளியேறுகிறான். அங்கோ அதனினும் பெரிய மீனின் வயிறு! இறுதியில் கத்தியைத் தன் வயிற்றுக்கே திருப்புகிறான்.

வேதாகம யோனாவுக்குக் கர்த்தரின் அழைப்பும், ஜெபமும், நினிவேயும் உண்டு. இவனுக்கோ ஒன்றுமில்லை. ஆகவே அவிசுவாசத்தின் நாடகமென்று இதைத் தள்ளிவிடலாமோ? கூடாது என்போம். மறுமொழியே கேளாதவனின் அவலம் இங்கு நேர்மையாகவே ஒலிக்கிறது. ஆயினும் வழி தன்னுள்ளேயே உண்டென்னும் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. வேதத்தில் மீனின் வாயைத் திறந்தது யோனாவின் கத்தியன்று, கர்த்தரின் கட்டளையே. எனினும் நம் பிரசங்க பீடத்தின் முன் இத்தகைய யோனாக்கள் எத்தனை பேர் அமர்ந்துள்ளனரோ! அவர்கள் குரலைக் கேட்ட பின்னரன்றோ நாம் பேசத் தகும்?