கோடு நகர்ந்த கதை

நில அளவைப் படத்தையும் நாவலைப் போலவே விமரிசிக்கலாம் என்பது என் கட்சி. 1802-ல் லாம்டன் பரங்கிமலையருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த இலக்கியம் அது. நடையில் என்ன சிக்கனம்! தண்ணீருக்கு நீலம், வறண்ட ஆற்றுக்குக் கறுப்பு, மேட்டுக்குப் பழுப்புச் சமஉயரக் கோடு. கோடுகள் நெருங்கினால் ஏற்றம் செங்குத்து. திருத்தணியில் 365 படி ஏறிய முழங்கால் இதற்குச் சாட்சி சொல்லும்.

ஆனால் குறை ஒன்று உண்டு. சமஉயரக் கோடு மலையைக் கேட்டுப் போட்டது. எல்லைக்கோடு அப்படியல்ல. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. மலை அசையவில்லை; கோடுதான் நகர்ந்தது. அதற்காக ம. பொ. சி.யும் மற்றவர்களும் நடத்திய போராட்டம், கோட்டின் இருபுறமும் கேட்கும் தமிழும் தெலுங்கும், எதுவும் படத்தில் இல்லை. புள்ளியும் கீறலுமே மிச்சம். மனிதரை எழுதும் வேலையைப் படம் கதாசிரியனுக்கு விட்டுவைத்திருக்கிறது.