பூச்சி மருந்தும் அதன் அளவும்

வயிற்றுப் பூச்சிக்குக் கசப்பைக் கொடுப்பது பாக் நீரிணையின் இரு கரையிலும் உள்ள வழக்கம். தமிழ்நாட்டில் சுண்டைவற்றலும் வேப்பம்பூ ரசமும். யாழ்ப்பாணத்தில் பாவற்காயும் வேப்பம்பூ வடகமும். இவை சாப்பாடு. மருந்து என்று வந்தால் முருக்கன் விதை, வாய்விடங்கம், அதன்பின் விளக்கெண்ணெயில் பேதி. யாழ்ப்பாணத்து நாட்டு வைத்தியரான பரியாரியாரும் சித்த மரபில் வந்தவர் என்பதால் மருந்துச் சரக்கில் பெரிய வேற்றுமை இல்லை.

இலங்கை மலையகத்தின் கதை வேறு. தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களைக் கொக்கிப்புழு சோகை பிடித்து வாட்டியது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை அங்கே ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. கொக்கிப்புழுவுக்கு அந்நாளில் பேர்பெற்ற மருந்துகளான தைமால், கீனோபோடியம் எண்ணெய் இரண்டுமே செடியிலிருந்து வந்தவை. தைமாலுக்கு முக்கிய மூலம் இந்திய ஓமம்! நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதுதான். ஆனால் வடித்தெடுத்த தைமால் எண்ணெயில் கரைந்தால் ரத்தத்தில் ஏறி நஞ்சாகும். அதனால் விளக்கெண்ணெயை விலக்கிப் பேதியுப்பே கொடுக்கவேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். பூச்சியைக் கொல்லும் எதுவும் அளவு மீறினால் ஆளையும் தொடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாட்டுக்கான கைமருந்துக்கு இந்த அளவுக் கணக்கைத் தமிழ்நாட்டில் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய குறிப்பு இது: சீரகமும் கடுகும் பத்துப் பத்து கிராம், மிளகும் மஞ்சள்தூளும் ஐந்தைந்து, பூண்டு ஐந்து பல், பாகற்காய் 50 கிராம், வாழைத்தண்டு 100 கிராம், தும்பையும் வேப்பிலையும் கைப்பிடி கைப்பிடி. அரைத்து, 150 கிராம் வெல்லம் சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கி, உப்பில் தொட்டு மாட்டின் நாக்கில் தேய்த்துவிட வேண்டும். மாடு தலையை உதறும். வெல்லத்தின் இனிப்புப் பட்டதும் தானே நக்கும். இப்படி எடைபோட்டுச் சொன்னால்தான் யாரும் செய்து பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தலாம்.

மனிதருக்கான கைமருந்தில் அந்தக் கவனம் போதாது. ஆடுதீண்டாப்பாளையைப் பூச்சிக்குக் கசாயம் வைப்பது இன்றும் நடக்கிறது. அதன் இனமான ஈசுரமூலி இலங்கையிலும் நாட்டு மருந்தில் உண்டு. சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். இரண்டிலும் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். இலங்கை வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்குக் காரணம் தேடியவர்களின் சந்தேகப் பட்டியலில் சப்சந்தவும் இருந்தது.

சுண்டைவற்றலும் பாவற்காயும் இலையில் தாராளமாக இருக்கட்டும். குழந்தைக்குப் பூச்சி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைக் கொடுங்கள். ஆடுதீண்டாப்பாளைக் கசாயத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.