சொல், பொருள், குரல்: ‘தில் சே’, ‘உயிரே’ இசைத்தொகுப்புகள் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மணிரத்னம் இயக்கி 1998ஆம் ஆண்டு வெளிவந்த ‘தில் சே’ என்னும் இந்தித் திரைப்படத்தின் பாடல்களும், அதன் தமிழ் வடிவமான ‘உயிரே’ திரைப்படத்தின் பாடல்களும் ஒரே மெட்டுகளில் அமைந்தவை. இந்திப் பாடல்களைக் குல்சாரும் தமிழ்ப் பாடல்களை வைரமுத்துவும் இயற்றினர். இரண்டுக்கும் இசை ஏ.ஆர். ரகுமான். தமிழ் வடிவத்தை இந்தி மூலத்தின் நகலாகக் கொள்ளும் வழக்கம் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடல் வரிகளோடு பாடகர்களின் குரலையும் சான்றாகக் கொண்டு நோக்கும்போது, தமிழ் வடிவம் சில இடங்களில் இழந்தும் சில இடங்களில் பெற்றும் தனித்ததொரு வாசிப்பாக நிற்கிறது என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தில் சே, உயிரே, குரல், விளி வேற்றுமை, மொழிமாற்றுப் பாடல், பின்னணிப் பாடகர்.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் நக்கீரரோடு இணைத்துப் பேசப்படும் ஊர். அங்குள்ள மெய்நின்றநாதர் கோயிலில் நக்கீரருக்குச் சிலை உண்டு. இறைவனே எழுதிய பாடலாயினும் குற்றம் குற்றமே என்று நின்ற புலவரின் கதையைத் தமிழ்த் திறனாய்வின் தொன்மமாகக் கொள்வது நம் வழக்கம். அக்கதையில் பாட்டுக்கு நேரும் குற்றம் சொல்லில் உள்ளதா, பொருளில் உள்ளதா என்ற வினா எழுகிறது. தருமி அப்பாட்டை எந்தக் குரலில் படித்தான் என்பதை அவையில் எவரும் கேட்கவில்லை.

திரைப்பாடல் ஆய்வுகளும் பெரும்பாலும் இவ்வழியிலேயே செல்கின்றன. பாடல் வரிகள் அச்சில் எடுத்தாளப்பெறுகின்றன. உவமை, உருவகம், தொன்மம் எனப் பகுக்கப்பெறுகின்றன. ஆனால் திரைப்பாடல் கேட்போரிடம் அச்சாகச் சேர்வதில்லை, ஒரு பாடகரின் குரலாகவே சேர்கிறது. ஒரே மெட்டு இரு மொழிகளில், சில இடங்களில் ஒரே குரலிலும் சில இடங்களில் வேறு குரல்களிலும் ஒலிக்கும்போது, குரல் என்னும் மூன்றாம் அளவுகோல் இன்றியமையாததாகிறது. அதற்குத் தக்க களமாக ‘தில் சே’ தொகுப்பு அமைகிறது.

சென்னையில் உருவான இந்தித் தொகுப்பு

இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைக் கண்ட தமிழகத்தில் இந்தித் திரைப்பாடல்கள் விரும்பிக் கேட்கப்பட்டன. ‘ஆராதனா’ (1969), ‘ஷோலே’ (1975) முதலிய படங்களின் பாடல்கள் மொழி அறியாதோரிடமும் பரவின. அக்காலத்தில் பாடல் வடக்கிலிருந்து தெற்கே வந்தது. ‘ரோஜா’ (1992) இந்தியில் மொழிமாற்றம் செய்யப்பட்டபோது இத்திசை மாறத் தொடங்கியது. ‘ரங்கீலா’ (1995) ரகுமான் நேரடியாக இசையமைத்த முதல் இந்திப் படம். ‘தில் சே’யில் இயக்குநர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் ஆகியோர் சென்னையைக் களமாகக் கொண்டவர்கள். ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் கேரளத்தவர். சந்தோஷ் சிவனும் ஸ்ரீதரும் இப்படத்திற்காகத் தேசிய விருது பெற்றனர். புகழ்பெற்ற ‘சையா சையா’ பாடல் நீலகிரி மலை இரயிலின் மேற்கூரையில் படமாக்கப்பட்டது.

எனவே ‘இந்தி மூலம், தமிழ் நகல்’ என்ற பாகுபாடு உருவாக்க வரலாற்றின் அடிப்படையிலேயே ஐயத்திற்குரியது. ஆனால் படம் இந்திக்கெனவே எடுக்கப்பட்டது. நடிகரின் வாயசைவு இந்திச் சொற்களுக்குரியது. தமிழ்ப் பாடலாசிரியர் மெட்டுக்கும் வாயசைவுக்கும் ஒருங்கே கட்டுப்பட்டு எழுத வேண்டியிருந்தது. இக்கட்டுப்பாட்டை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே முதல் வினா.

‘ரே’யும் விளி வேற்றுமையும்

இந்தித் தொகுப்பில் இரு பாடல்கள் ‘ரே’ என்னும் விளிச்சொல்லால் முடியும் தொடக்கத்தைக் கொண்டவை: ‘தில் சே ரே’, ‘சத்ரங்கி ரே’. இவற்றின் தமிழ் வடிவங்கள் முறையே ‘சந்தோஷக் கண்ணீரே’, ‘என்னுயிரே’. இந்தியில் ‘ரே’ தனித்து நிற்கும் இடைச்சொல். தமிழில் அவ்வொலி, ரகர மெய்யீற்றுப் பெயரோடு ஏகாரம் சேர்ந்த விளியாக மாறியுள்ளது. கண்ணீர், உயிர் என்னும் இரண்டும் ரகர ஈறு கொண்டவை. விளி ஏற்கையில் ‘ரே’ என்றே ஒலிக்கும். வாயசைவும் குறையவில்லை, தமிழ் இலக்கணமும் வளையவில்லை. படத்தின் தமிழ்ப் பெயரும் இதே வடிவினதே.

இம்மாற்றம் பொருளையும் மாற்றுகிறது. ‘தில் சே’ என்பது ‘நெஞ்சத்திலிருந்து’ எனப் பொருள்படும். அது நீங்கற்பொருளது, ஐந்தாம் வேற்றுமை. ‘உயிரே’ என்பது முன்னிலையில் ஒன்றை அழைப்பது, எட்டாம் வேற்றுமை. இந்தித் தலைப்பு உணர்வு எங்கிருந்து எழுகிறது என்று கூறத் தமிழ்த் தலைப்பு அது யாரை நோக்கிச் செல்கிறது என்று கூறுகிறது. ‘ஜியா ஜலே’ – ‘நெஞ்சினிலே’ என்னும் இணையிலும் ‘லே’ என்ற ஈற்றொலி காக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கு ஏகாரம் விளியன்று, ஏழாம் வேற்றுமை உருபைத் தொடர்ந்து நிற்கும் இடைச்சொல்.

எரிதலும் ஊஞ்சலும்

‘ஜியா ஜலே’ லதா மங்கேஷ்கர் ரகுமான் இசையில் பாடிய முதல் பாடல். படம் வெளியானபோது அவருக்கு வயது 68. தமிழில் அதே மெட்டைப் பாடிய எஸ். ஜானகிக்கு வயது 60. திருமணத்தை எதிர்நோக்கும் இளம்பெண்ணுக்கு இரு மொழிகளிலும் மூத்த குரல்களையே தேர்ந்தது கவனத்திற்குரியது. இந்திப் பாடலின் மையப் படிமம் எரிதல்: உள்ளம் எரிகிறது, உயிர் எரிகிறது. தமிழில் அது நெஞ்சில் ஆடும் ஊஞ்சலாகவும் கண்ணில் தங்கும் நாணமாகவும் மாறுகிறது. தமிழகத்துத் திருமணச் சடங்குகளில் ஊஞ்சலுக்கு உள்ள இடத்தை அறிந்தவர்க்கு இம்மாற்றம் தற்செயலாகத் தோன்றாது. எனினும் வேட்கையின் வெம்மை தணிந்து நாணம் மேலோங்கியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வெம்மையை ஓரளவு மீட்டுத் தருவது குரலே. லதாவின் குரல் மெல்லியதாய், நேர்கோடாய்ச் செல்வது. சொற்கள் எரிதலைப் பேச, குரல் அடக்கத்தைக் காக்கிறது. ஜானகியின் குரலில் மூச்சும் குழைவும் மிகுதி. சொற்கள் நாணத்தைப் பேச, குரல் வேட்கையை வெளிப்படுத்துகிறது. இரு வடிவங்களிலும் சொல்லும் குரலும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. சமன்பாட்டின் உறுப்புகள் மட்டும் இடம் மாறியுள்ளன. வரிகளை மட்டும் படிப்பவர் தமிழ் வடிவத்தை இந்தியினும் அடக்கமானது என்றே முடிவு செய்வார். கேட்பவர் அவ்வாறு கூற மாட்டார்.

இப்பாடலில் எம்.ஜி. ஸ்ரீகுமாரும் குழுவினரும் பாடும் மலையாளப் பகுதி இரு வடிவங்களிலும் உண்டு. அதை எழுதியவர் கிரீஷ் புத்தஞ்சேரி. நாயகி கேரளப் பெண் என்பதைக் காட்டவே அது அமைந்தது. இந்தி கேட்போருக்கு அப்பகுதி பொருள் விளங்காத தொலைநில ஒலி. தமிழ் கேட்போருக்கோ அது பாதி விளங்கும் அண்டைவீட்டுப் பேச்சு. ஒலியில் எம்மாற்றமும் இன்றியே கேட்போர் மாறியதால் பொருள் மாறிய இடம் இது. மொழிமாற்றம் சொற்களில் மட்டும் நிகழ்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று இத்தொகுப்பில் இல்லை.

சையாவும் தையாவும்

‘சையா சையா’ பஞ்சாபி சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் (1680–1757) பாடலொன்றைத் தழுவி எழுந்தது. அங்கு ‘தையா தையா’ என்பது காதலால் ஆடும் ஆட்டத்தின் தாள ஒலிக்குறிப்பு. குல்சார் அதைச் ‘சையா’ என மாற்றி, நிழல் என்னும் பொருளுடைய சொல்லாக்கினார். தமிழ் வடிவம் ‘தையா’ என்றே பாடுகிறது. நாட்டியச் சொற்கட்டுகளில் ‘தை’ என்னும் ஒலிக்குப் பழகிய தமிழ்ச் செவிக்கு அது ஆட்டத்தின் தாளமாகவே கேட்கிறது. நகல் எனக் கருதப்பட்ட தமிழ் வடிவம் இங்கே ‘மூலம்’ எனப்படும் இந்திப் பாடலைக் கடந்து, அதற்கும் முந்திய மூலத்தோடு உறவு கொள்கிறது. நிழலின் நயம் தமிழில் இல்லை. ஆட்டத்தின் பழமை இருக்கிறது.

இரு மொழிகளிலும் முதன்மைக் குரல் சுக்விந்தர் சிங்குடையது. இந்தி வடிவத்திற்காக அவர் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். பெண்குரல் இந்தியில் சப்னா அவஸ்தி, தமிழில் மால்குடி சுபா. சப்னாவின் திறந்த நாட்டார் குரல் சுக்விந்தரின் குரலோடு ஒரே மண்ணினதாய் இணைகிறது. சுபாவின் கனத்த, மேற்கத்திய இசைப் பழக்கமுடைய குரல் அவரோடு உரசி நிற்கிறது. சுக்விந்தரின் தமிழ் உச்சரிப்பில் தாய்மொழியின் அழுத்தம் மறையவில்லை. நெருங்கிக் கேட்டால் சில சொற்கள் தெளிவாக விழவில்லை என்பதும் உண்மை. சொற்குற்றம் பார்ப்போர் இதைக் குறையென்பர். ஆயின் வடபுலத்தில் நிகழும் கதையை முழுத் தமிழாக்கிவிட முயலும் படத்தில், அது எங்கு நிகழ்கிறது என்பதை மறைக்காமல் வைத்திருப்பது அக்குரல் ஒன்றே.

ஒலியும் மூச்சும்

‘ஏ அஜ்னபி’ பாடலை உதித் நாராயணும் மகாலட்சுமி ஐயரும் பாடினர். தமிழில் ‘பூங்காற்றிலே’, பாடியோர் உன்னி மேனனும் சுவர்ணலதாவும். படத்தின் நாயகன் அகில இந்திய வானொலியில் பணிபுரிபவன். இந்திப் பாடல் அறிமுகமற்ற ஒருத்தியை நோக்கி, எங்கிருந்தேனும் நீயும் குரல் கொடு என்று வேண்டுவது. வானொலியின் இயல்பே இதுதான்: முகமறியாதவரை நோக்கிக் குரல் அனுப்பி, மறுமொழிக்குக் காத்திருத்தல். கதாபாத்திரத்தின் தொழிலும் பாடலின் வேண்டுகோளும் அங்கே ஒன்றாகின்றன.

தமிழ்ப் பாடல் காற்றில் மூச்சையும் கடலில் விழுந்த துளியையும் தேடுகிறது. படிமங்கள் அழகியவை, ஆனால் தேடுவோன் தனியன், மறுமொழியை எதிர்பார்க்கவில்லை. குரல் மூச்சானபோது வானொலி பாடலிலிருந்து நழுவிவிட்டது. தமிழ் வடிவத்தின் உண்மையான இழப்பாக இக்கட்டுரை கருதுவது இதனையே.

அவ்விழப்பின் நடுவே ஒரு பேறும் உண்டு. இந்தியில் பெண்குரல் தொலைவிலிருந்து வரும் பறவையின் கூவல் போன்றது. தமிழில் கண்ணில் வலியிருந்தால் கனவு வாராது என்னும் கருத்து பெண்குரலுக்கு வாய்த்தது. அன்பை ஏற்கவும் இயலாமல் மறுக்கவும் இயலாமல் நிற்கும் நாயகி, தன் மௌனத்திற்கான காரணத்தைக் கூறிவிடும் இடமாக அது அமைகிறது. ‘கருத்தம்மா’ பாடலுக்காகத் தேசிய விருது பெற்ற சுவர்ணலதா (1973–2010) அதைச் சற்றும் அழுகையின்றிப் பாடுகிறார். ஆண்குரல் தேடிக்கொண்டிருக்கையிலேயே விடை பெண்குரலில் வந்துவிடுகிறது. அவன் அதைக் கேட்கவில்லை.

ஏழு நிலைகளும் தொல்காப்பியமும்

சோனு நிகமும் கவிதா கிருஷ்ணமூர்த்தியும் பாடிய ‘சத்ரங்கி ரே’ ஏழு வண்ணங்களைத் தலைப்பில் கொண்டது. ஈர்ப்பில் தொடங்கி, பிணைப்பு, காதல், பற்றுறுதி, வழிபாடு, பித்து எனச் சென்று சாவில் முடியும் காதலின் ஏழு நிலைகள் படத்தின் போக்காகவும் அமைகின்றன. பாடலின் இறுதி, சாவின் மடியில் துயிலக் கேட்கும் வேண்டுதல். தொல்காப்பியக் களவியல் கூறும் நிலைகளும் வேட்கையில் தொடங்கிச் சாக்காட்டில் முடிகின்றன. தொடக்கமும் முடிவும் ஒத்திருப்பினும் இடையில் வேறுபாடு உண்டு. தமிழ்ப் பட்டியலில் மெலிதல், நாண் கடத்தல், மயக்கம் ஆகிய உடல், உள நிலைகள் இடம்பெறுகின்றன, வழிபாடு இடம்பெறவில்லை. காதலியே வழிபடுபொருளாகும் கட்டம் சூஃபி மரபுக்குரியது. வண்ணத்தை விட்டு உயிரை அழைத்த ‘என்னுயிரே’ என்னும் தலைப்பு, வழிபாட்டைக் காட்டிலும் தமிழ் அகமரபின் உடல்–உயிர்ச் சொல்லாட்சிக்கு நெருங்கியது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வருவன பெறப்படுகின்றன. இந்தி விளிச்சொல்லைத் தமிழ் விளி வேற்றுமையாக்கியது வாயசைவுக்கான தந்திரம் மட்டுமன்றிப் பொருள் மாற்றமும் ஆகும். ‘ஜியா ஜலே’, ‘நெஞ்சினிலே’ பாடல்களில் சொல் தரும் முடிவைக் குரல் திருத்துகிறது. ‘தையா’வில் தமிழ் வடிவம் இந்தியினும் பழைய மூலத்தைத் தொடுகிறது. ‘பூங்காற்றிலே’யில் வானொலி என்னும் மையக்கருத்து இழக்கப்படுகிறது. இவற்றுள் இரண்டாவது வரிகளை மட்டும் படிப்பவருக்குப் புலப்படாதது.

திரைப்பாடல்கள் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுவரும் இந்நாளில், அவற்றை அச்சிட்ட கவிதையாக மட்டும் கற்பித்தால் ஜானகியும் சுவர்ணலதாவும் ஆக்கிய பொருள் மாணவர்க்குச் சென்று சேராது. பாடகரைப் படைப்பாளியாக ஏற்காத ஆய்வு, மொழிமாற்றுப் பாடலை நகலென்றே கூறிக்கொண்டிருக்கும். சொல்லையும் பொருளையும் ஆராய்ந்த நக்கீரர் மரபு, குரலையும் ஆராயும் அளவுக்கு விரிய வேண்டும்.