செக் கொடுத்துக் கெட்ட ஆட்டம்

நோர்வேயின் ஸ்டவாங்கர் நகரில் 2025 ஜூன் 1ஆம் திகதி மக்னஸ் கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்திய காட்சியைச் சதுரங்கம் ஆடுகிற நம் பிள்ளைகள் பலரும் கைபேசியில் பார்த்திருப்பார்கள். காய்கள் சரிந்தன. தோல்வியை ஒப்புக்கொண்டு அப்போதைய உலகச் சம்பியன் குகேஷிடம் கையை நீட்டினார்; எழுந்து போகிற வழியில் அவருடைய முதுகில் தட்டியும் கொடுத்தார். அந்தக் குத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பேசி முடித்துவிட்டது. நான் பேச நினைப்பது அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த 52ஆவது நகர்வைப் பற்றி. கார்ல்சன் தன் குதிரையைத் தூக்கி ஈ2 கட்டத்தில் வைத்துச் செக் கொடுத்தார். ஆட்டம் அந்தச் செக்கோடு கைமாறிவிட்டது.

அதுவரை அது கார்ல்சனின் ஆட்டம். கறுப்புக் காய்களோடு ஆடி, உலகச் சம்பியனைப் படிப்படியாக நெருக்கி, எவர் பார்த்தாலும் கறுப்புக்கே வெற்றி என்று சொல்லக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். குகேஷே பிறகு, நூறு தடவை ஆடினால் தொண்ணூற்றொன்பது தடவை தான் தோற்றிருக்கவேண்டிய ஆட்டம் அது என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் செய்தது ஒன்றுதான். எழுந்து போகவில்லை. தோற்ற நிலையிலும் ஒவ்வொரு நகர்விலும் எதிராளிக்கு யோசிக்க ஏதாவது வைத்துக்கொண்டே இருந்தார். கடிகாரம் வற்றியது. 40 நகர்வு தாண்டியதும் நகர்வுக்கு 10 வினாடி மட்டும் கூடுதலாகக் கிடைக்கிற போட்டி அது. 10 வினாடியில் கணக்குப் போட முடியாது. கை தனக்குப் பழகியதைத்தான் செய்யும்.

கைக்குப் பழகியது செக். எதிராளியின் ராஜாவைத் தாக்கினால் அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஆகவே செக் பாதுகாப்பானது என்று மனம் நினைத்துக்கொள்கிறது. கல்முனைக் கல்வி வலயத்தின் போட்டிகளை எட்டி நின்று பார்க்கிற எவருக்கும் இது புதிதல்ல. வென்றுகொண்டிருக்கிற பிள்ளை முதலில் கதிரையில் சாய்கிறது. அடுத்த மேசையில் கூட்டாளியின் ஆட்டம் எப்படிப் போகிறதென்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. பிறகு ராணியை எடுத்துச் செக், செக், செக். ஒவ்வொரு செக்கிலும் எதிராளியின் ராஜா இன்னொரு நல்ல கட்டத்துக்கு ஓடுகிறது. கடைசியில் ராணி வந்து நிற்கிற இடத்தில் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். முழுப் புள்ளி அரைப் புள்ளியாகிறது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. “கவனமாக ஆடியிருக்கலாமே” என்று பெரியவர்கள் சொல்கிறோம். அது ஆறுதலும் இல்லை, பாடமும் இல்லை. கவனம் எங்கே போனது, ஏன் அந்த நேரம் பார்த்துப் போனது என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் அஸருக்குப் பிறகு நடக்கிற உதைபந்தாட்டத்தில் ஓர் அணி 2-0 என்று முன்னே போனால், அந்த இரண்டு கோலையும் யாரும் திருப்பி எடுக்க முடியாது. தடுமாறினாலும் அவை கணக்கில் நிற்கும். சதுரங்கத்தில் அப்படி எதுவும் நிற்பதில்லை. ஒரு குதிரை கூடுதலாக இருக்கலாம், ராணியே கூடுதலாக இருக்கலாம். ராஜா சிக்கும்வரை புள்ளிப் பட்டியலில் இரண்டு பேருக்கும் பூச்சியம்தான். முப்பது நல்ல நகர்வுகளின் உழைப்பு முழுவதையும் முப்பத்தோராவது நகர்வில் திரும்பவும் பணயம் வைக்கிறோம். நன்றாக ஆடுகிறவர்களுக்கும் அடிக்கடி மறந்துபோகிற விஷயம் இது. சம்பாதித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்த மறுகணமே “எதிராளி இப்போது என்ன செய்யப் பார்க்கிறான்” என்ற கேள்வி நின்றுவிடுகிறது. அசட்டை என்று நான் சொல்வது அந்தக் கேள்வி நிற்பதைத்தான். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயிரைக் கொடுத்து ஆடுகிறவர்களுக்கும் வருகிறது.

1892இல் ஹவானாவில் மிகைல் சிகோரினுக்கு வந்தது. உலகப் பட்டத்துக்காக ஸ்டைனிட்சோடு ஆடிய 23ஆவது ஆட்டம். முதலில் 10 வெற்றி காண்பவருக்குப் பட்டம். ஸ்டைனிட்ஸ் 9, சிகோரின் 8. அந்த ஆட்டத்தில் சிகோரினுக்கு ஒரு காய் கூடுதல். வென்றால் 9-9. ஸ்டைனிட்சின் இரண்டு கோட்டைகளும் சிகோரினின் இரண்டாம் வரிசைக்குள் புகுந்திருந்தன. எச்2 கட்டத்தைக் காத்து நின்றது ஒரே ஒரு மந்திரி. 32ஆவது நகர்வில் சிகோரின் அந்த மந்திரியையே எடுத்து அப்பால் வைத்தார். கோட்டை வந்து எச்2 காலாளை வெட்டியது. அடுத்த நகர்வில் மேட் நிச்சயம். பட்டம் அதோடு போய்விட்டது. அந்த மந்திரிக்கு வேறு வேலை கொடுக்கும்போது அது ஏற்கெனவே என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவர் ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

நமக்குக் கிட்ட நடந்தது இன்னும் கசப்பானது. 2022 ஓகஸ்ட் 8, மாமல்லபுரம், 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. முதல் மேசையில் 16 வயது குகேஷ், நோடிர்பெக் அப்துசத்தோரோவுக்கு எதிராக. அந்தத் தொடரில் முதல் எட்டு ஆட்டத்தையும் தொடர்ந்து வென்றிருந்த பையன். அன்றும் வெல்லும் நிலை கையில் இருந்தது. பிரக்ஞானந்தா தன் ஆட்டத்தை வென்றுவிட்டார், மற்ற இரண்டு மேசையும் சமநிலை. குகேஷ் சும்மா சமநிலை செய்திருந்தாலே அணிக்கு வெற்றி. வெல்லப் பார்த்தார், நேரம் கரைந்தது, முதலில் வெற்றி நழுவியது, பிறகு ஆட்டமே போனது. மோதல் 2-2. தொடர் முடிந்தபோது உஸ்பெகிஸ்தானுக்கும் ஆர்மேனியாவுக்கும் 19 புள்ளி, இந்தியாவின் இரண்டாம் அணிக்கு 18, வெண்கலம். ஒரே ஒரு புள்ளி. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் கணக்கில் காட்ட முடியாது.

ஸ்டவாங்கரில் அத்தனை நேரம் தாக்குப்பிடித்தவர் மாமல்லபுரத்தில் இப்படி எரிந்த அதே பையன்தான். வெல்லும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மனம் எங்கே தளரும் என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்திருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெல்லும் நிலை வந்ததையே காணாமல் விடுவதும் உண்டு. 2014 நவம்பர் 15, சோச்சி, உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம். கணக்கு 2.5-2.5. 26ஆவது நகர்வில் கார்ல்சன் ராஜாவை டி2இல் வைத்தார், பெரும் பிழை. விஸ்வநாதன் ஆனந்த் குதிரையால் ஈ5 காலாளை வெட்டியிருந்தால் ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். ஓரக் காலாளை முன்னே தள்ளினார். தள்ளிய பிறகுதான் தவறவிட்டது தெரிந்தது. நெருக்கடியில் தற்காத்து ஆடியவர், கார்ல்சன் போன்றவர் பிழை விடுவார் என்று எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காததைக் கண்ணும் காட்டவில்லை. 38 நகர்வில் தோற்றார். அந்தப் போட்டி 6.5-4.5 என்று முடிந்ததைப் பார்க்கும்போது அந்த ஒரு நகர்வின் பாரம் விளங்கும்.

இதற்கு மருந்து என்ன? சோவியத் காலத்துச் சதுரங்க வீரர் புளூமென்ஃபெல்ட் ஒரு வழி சொன்னார்: நகர்வைத் தீர்மானித்ததும் முதலில் தாளில் எழுது, பிறகு பலகையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் ஒரு முறை பார், அதற்குப் பிறகு காயைத் தொடு. அருமையான வழக்கம். 2005இலிருந்து சர்வதேச விதிகள் நகர்வை முன்கூட்டி எழுதுவதைத் தடைசெய்துவிட்டன. எழுதத்தான் தடை, அந்த இரண்டாம் பார்வைக்கு இல்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதி இருக்கும்வரை, காயை நோக்கிக் கை போகுமுன் கண் போகவேண்டும்.

நம் பாடசாலைகளில் சதுரங்கம் பழக்குகிற ஆசிரியர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்துத்தான் பழக்குகிறார்கள். அந்த மரியாதையோடு ஒன்றைக் கேட்கிறேன். பிள்ளைகள் ஆரம்ப நகர்வுகளை யூடியூப்பில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். கைபேசியில் ஒரு நாளைக்கு எத்தனையோ மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிறார்கள். முடிக்கத்தான் தெரியவில்லை. வாரத்தில் ஒரு பின்னேரம் ஆரம்ப நகர்வுகளை விட்டுவிடுங்கள். ஒரு கோட்டை கூடுதலாக உள்ள நிலையைப் பலகையில் அடுக்கி, கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வைத்து, வென்று காட்டச் சொல்லுங்கள். எதிரே கெட்டிக்காரப் பிள்ளையை உட்காரவைத்து, எப்படியாவது தப்பித்துக்கொள் என்று சொல்லுங்கள். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். தோற்றுப்போன வெற்றிகளின் நகர்வுத் தாள்களைக் கசக்கி எறிய விடாமல் வாங்கி வைத்து, எந்த நகர்வில் எதிராளியைப் பற்றி யோசிப்பது நின்றது என்று அந்தப் பிள்ளையையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ராணியும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மடக்க, எந்த மூலையிலிருந்து தொடங்கினாலும் 10 நகர்வுக்கு மேல் தேவையில்லை. கோட்டையும் ராஜாவும் என்றால் 16. இந்த இரண்டையும் கடிகாரம் ஓட ஓட, ஸ்டேல்மேட் ஆக்காமல் முடித்துக் காட்டாத ஒரு பிள்ளையை மாகாண மட்டத்துக்கு அனுப்புவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.