வேலை தராத சமுதாயம் வீடுபேறு தருகிறதாம்!

திரையிலே பார்வையற்றவர் தோன்றினால், கையிலே இசைக்கருவி இருக்கும். இல்லையேல் நாவிலே பாட்டிருக்கும். 1981-இல் வந்த 'ராஜபார்வை'யின் நாயகன் வயலின் வாசிக்கிறான். 2001-இல் வந்த 'காசி'யின் நாயகன் பாடுகிறான். 2009-இல் வந்த 'நான் கடவுள்' படத்தின் அம்சவல்லி பாடிப் பிச்சையெடுக்கிறாள். இருபத்தெட்டு ஆண்டுகள் உருண்டன, பாட்டுதான் மாறவில்லை!

இப்படங்களில் கலையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 'ராஜபார்வை'யின் நாயகன் இரக்கத்தை அல்ல, காதலை நாடும் தன்மானி. பிச்சைத் தொழிலை நடத்தும் கொடியவர்களை 'நான் கடவுள்' தோலுரித்தும் காட்டுகிறது. ஆனால் முடிவு? துயர் தாளாத அம்சவல்லியைக் கொன்று, பிறவித்தளையிலிருந்து விடுவித்ததாகச் சொல்கிறது கதை! அவளுக்கு வேண்டியது வீடுபேறா, வேலையா? கேட்கிறோம்.

கற்பனையை விட்டு உண்மைக்கு வருவோம். முற்றிலும் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெபின் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பெற்றோர் அவருக்கு நாளேடுகளையும் நூல்களையும் படித்துக் காட்டினர். கணினித் திரையின் எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் துணைநின்றது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை; ஆயத்தம் நடந்தது!

சட்டம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு தந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது, உயர்கல்வியிலும் 5 விழுக்காடு இடம் தந்தது. ஆனால் ஒதுக்கீடு என்பது வாயிற்கதவு. அதுவரை நடந்துவர வழியமைத்தோமா? பிரெயில் நூல், பேசும் கணினி, பழகிய எழுத்துதவியாளர், மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம், கோலூன்றித் தனியே செல்லும் பயிற்சி, நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகை: இவையல்லவா வழி! இவற்றைத் தராமல், "உனக்குக் குரல் இருக்கிறது, பாடு" என்று மாணவனிடம் சொல்வது பாராட்டன்று, கைகழுவல்.

இளந்தோழர்களே! படம் பார்த்துக் கண்ணீர் உகுத்தது போதும். தேர்வு நாளில் பார்வையற்ற தோழனுக்காக எழுதச் செல்லுங்கள். அவன் பாடநூலைப் படித்துக் குரலைப் பதிவு செய்து கொடுங்கள். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது; உங்கள் கல்லூரிக் கணினிகளில் அது உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

கதை எழுதுவோர்க்கும் ஒரு சொல். அடுத்த படத்திலே அவளைப் பாடச் சொல்லாதீர்கள்; பணி ஆணையோடு அலுவலகப் படியேறச் சொல்லுங்கள். பாட விரும்பினால், மாலையில் பாடட்டும், நாமும் கேட்போம்.